அசல் இன்ஜினியரின் திருத்தம்

செர்பியாவின் நீஷ் நகரில் துர்லான் குடியிருப்பின் மூன்றாவது நுழைவாயிலில் எதையும் மறைத்துவைக்க முடியாது. யார் வீட்டில் மீன் பொரிகிறது, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் லிஃப்ட் பராமரிப்புப் பணம் தராமல் படியில் நழுவுகிறார் என்பதெல்லாம் லிஃப்ட் நாலாம் மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில், ஐந்தாம் மாடி சென்காவை ஒருவன் ஒன்றரை வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தான். எழுத்தில் திட்டினான், உலகமே படிக்கிற இடத்தில் திட்டினான். அது யார் காதிலும் விழவில்லை என்பது கட்டடத்துக்கே அவமானம். வீட்டுக்குழுத் தலைவி லியூபிங்கா இன்றுவரை அதை மன்னிக்கவில்லை.

சென்கா பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு வேலை பார்த்தாள். அது சம்பளத்துக்கு. மிச்ச நேரத்தில், பேருந்து நிறுத்தங்களில் "அடுத்த வண்டி ஏழு நிமிடத்தில்" என்று காட்டுகிற பலகைகளுக்கு நிரல் எழுதினாள். அது சும்மா. அந்த நிரல் ஒரு தளத்தில் திறந்து கிடந்தது. எந்த ஊர்க்காரனும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். தப்பு தெரிந்தால் யாரும் திருத்தி அனுப்பலாம். அனுப்பியதைப் பார்த்துச் சேர்ப்பதா திருப்புவதா என்று முடிவு செய்பவள் சென்கா. அவளுக்கு அடுத்தபடி ஐனோ என்று ஒரு பின்லாந்துக்காரி. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனால் ஐனோவின் பூனைக்கு எந்தக் கண் சரியில்லை என்பதுவரை சென்காவுக்குத் தெரியும்.

விஷயம் தெரியவந்த பிறகும் இந்த ஏற்பாடு லியூபிங்காவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

"சும்மா எழுதிக் குடுக்கற. வாங்கிக்கறவனும் சும்மா வாங்கிக்கறான். அப்புறம் அவனே உன்னைத் திட்டறானா?"

"வாங்கிக்கறவன் திட்டலை அக்கா. சும்மா பார்க்க வர்றவன் திட்டறான்."

"அதுதான் இன்னும் மோசம். காசு குடுத்திருந்தாலாவது திட்ட ஒரு உரிமை இருக்கும்."

திட்டியவன் வைத்துக்கொண்ட பெயர் "அசல் இன்ஜினியர்". படம் கிடையாது, ஊர் கிடையாது. சென்கா நிரலில் ஒரு வரி மாற்றினால் போதும், அடியில் வந்துவிடுவான். "பாலாடைப் பை சுடும் கை எழுதியது. மேலே கருகல், உள்ளே மாவு." "இந்த அம்மாவிடம் சாவியைக் கொடுத்தது யார்? குளிர்சாதனப் பெட்டிச் சாவியாக நினைத்துக் கொடுத்துவிட்டார்களா?" ஐந்து வருடத்துக்கு முந்தைய தப்பைத் தோண்டி எடுத்து இன்று நடந்ததுபோல் கடைபரப்புவான். பிரேசிலில் ஒரு மாணவி தன் வாழ்நாளின் முதல் திருத்தத்தை அனுப்பினாள். அவளிடம் "நல்ல டீச்சராகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறாய்" என்றான். அந்தப் பெண் அதற்குப் பிறகு வரவே இல்லை. ஜெர்மன் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போனது. கம்பெனிக்காரர்கள் நாகரிகமானவர்கள், எதுவும் கேட்கவில்லை. "ஏதாவது பிரச்சினையா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்கள்.

கணக்கைத் தடுத்தால் மறுநாள் "அசல் இன்ஜினியர் 2" வருவான். தளத்துக்குப் புகார் செய்தால், புகார் கிடைத்தது, நன்றி என்று உடனே பதில் வரும். உடனே வருவது அந்த ஒரு பதில்தான்.

சென்கா அழுகிற ரகம் இல்லை. கட்டடத்தின் சூடேற்றிக் குழாய் வெடித்தபோது வாளியைக் கையில் பிடித்தபடி பிளம்பரிடம் பேரம் பேசினவள். ஆனால் இப்போது ஒரு வரி எழுதினால், அனுப்புவதற்கு முன் அந்த ஆளின் கண்ணால் அதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை. அரைமணி வேலை அரைநாள் ஆனது. சொந்தக் கண்ணால் படிப்பது எப்படி என்பதே மறந்துபோனது. காலையில் காபி குடித்து முடிக்கும்வரை லேப்டாப்பைத் திறப்பதில்லை என்று ஒரு விதி போட்டுக்கொண்டாள். அதற்காகவே காபியை மெதுவாகக் குடித்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் படம் வந்தது. செப்டம்பர் முடிவு, ஊர் முழுக்க அய்வார் என்கிற துவையலுக்காக மிளகாய் சுடும் வாசனை. சென்கா சுட்டது போக மிச்சத்தை நூலில் கோத்துப் பால்கனியில் தொங்கவிட்டிருந்தாள். அந்தப் பால்கனியைக் கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து படமெடுத்து, "மகா இன்ஜினியரின் ஆராய்ச்சிக்கூடம்" என்று எழுதித் தளத்தில் போட்டிருந்தான். சிவப்பு மிளகாய், பச்சைத் துவைப்புத் தொட்டி, கணவனின் உள்பனியன் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

அன்றுதான் கட்டடத்துக்கு விஷயம் தெரிந்தது. சென்கா கீழே இறங்கி வந்து, எந்த இடத்தில் நின்று எடுத்திருப்பான் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். லியூபிங்காவும் வந்து பக்கத்தில் நின்று அண்ணாந்தாள்.

"என்னடி பார்க்கற? எங்கயாவது ஒழுகுதா?"

சென்கா எல்லாவற்றையும் சொன்னாள். லியூபிங்கா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவன் பேரைச் சொல்லு. காகிதத்துல எழுதி ஃப்ரீசர்ல வெச்சிடறேன். வாய் அடைச்சிடும். என் நாத்தனாருக்கு வெச்சேன், எட்டு மாசம் பேசலை."

"பேரு தெரியாது அக்கா. அசல் இன்ஜினியர்னுதான் போட்டுக்கறான்."

"பேருன்னா ஏதோ ஒண்ணு, வெச்சுப் பார்க்கலாம்," என்று அதையே எழுதி உறைந்த மீனுக்குப் பக்கத்தில் வைத்தாள் லியூபிங்கா. மறுநாள் "அசல் இன்ஜினியர் 3" வந்தான்.

சென்காவின் கணவன் பிளகோயே டயர் ஒட்டும் கடை வைத்திருக்கிறான். சண்டை என்றால் பத்தடி தள்ளி நிற்பவன். அவன் தன் கூமுக்குப் போன் போட்டான். கூம் என்றால் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். பிறகு பிள்ளையைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தொட்டிக்குக் கொண்டுபோனவர். கூப்பிடும்போது ஆண் கூமே, பெண் கூமா. கூடப்பிறந்தவனோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கலாம், இந்த ஊரில் பலர் இருக்கிறார்கள். கூமோடு அப்படி இருந்தால் சவ ஊர்வலத்துக்கும் ஆள் வராது.

அந்தக் கூம், ரத்தோமிர், வெளியூர்ப் பேருந்துக் கம்பெனியில் கணினிப் பிரிவின் தலைவர். சென்காவும் முன்பு அங்கேதான் அவர் அறையில் வேலை பார்த்தாள். படத்தைப் பற்றிக் கேட்ட அன்று மாலையே டிரில்லோடு வந்துவிட்டார். வாசல் கதவுக்குத் தடிமனான சங்கிலி ஒன்று பொருத்தினார்.

"இந்தக் காலத்துல யாரை நம்பறது கூமா," என்றார், ஆணியை வாயில் வைத்துக்கொண்டு. "எவன் எப்படிப்பட்டவன்னு யாருக்குத் தெரியும்? யாரு தட்டினாலும் முதல்ல சங்கிலியைப் போட்டுட்டுப் பாரு."

சென்கா அவருக்குத் தான் சுட்ட பூரெக் பையும் தயிரும் கொடுத்தாள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னால் தள்ளினார்கள். அந்த ஒரு மணிநேரம் இரண்டு முறை வரும். நிரலுக்கு அது பிடிபடவில்லை. சில ஊர்களில் பலகை ஒரே வண்டியை இரண்டு முறை காட்டியது. வராத வண்டிக்காகச் சிலர் குளிரில் நின்றார்கள். புகார்கள் வந்தன. அசல் இன்ஜினியருக்குத் தீபாவளி. "மணி என்னவென்றே தெரியாத அம்மா உலகத்துக்கு மணி சொல்கிறார்" என்று தொடங்கிப் பத்துப் பதினைந்து போட்டான். பிறகு, அதுவரை ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தான். "இப்படித்தான் செய்ய வேண்டும், கற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒரு திருத்தமே எழுதி அனுப்பினான்.

நிரல் எழுதுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு உண்டு. தளத்தில் கணக்குக்கு எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திருத்தம் எழுதுகிற கணினி, தன்னிடம் முன்பே பதிந்துவைத்த பெயரை, யாரும் கேட்காமலே, திருத்தத்தின் மேல் ஒட்டி அனுப்பும். முகமூடி போட்டுக்கொண்டு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறோம்; பொட்டலத்தின் மேல் கடைப்பெயர் அச்சாகியிருக்கிறது என்பதுபோல. அலுவலகக் கணினியில் அந்தப் பெயரை என்றோ ஒருநாள் பதிந்துவிட்டு எல்லோரும் மறந்துபோவார்கள்.

சென்கா திருத்தத்தைத் திறந்தாள். எழுதியவர் என்ற இடத்தில் "ரத்தோமிர் ஸ்தோய்கோவிச்" என்று இருந்தது. அதற்குக் கீழே பேருந்துக் கம்பெனியின் மின்னஞ்சல்.

காபி ஆறிப்போனது. முதலில் அவள் செய்தது, எழுந்துபோய் வாசல் சங்கிலியைப் பார்த்ததுதான். நன்றாகத்தான் பொருத்தியிருந்தார்.

பிறகு திருத்தத்தைப் படித்தாள். அதுதான் அவளுக்கு அதிக எரிச்சலைக் கொடுத்தது. திருத்தம் சரியாக இருந்தது. சரி மட்டும் இல்லை, அழகாகவும் இருந்தது.

மதியம் ஐனோவிடமிருந்து செய்தி வந்தது. அவளும் பார்த்துவிட்டாள். ஐனோ சுற்றி வளைக்காதவள். நடத்தை விதிகள் என்று ஒன்றைப் படித்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான், ஏனென்றால் எழுதியவளும் அவள்தான்.

"பேர் இருக்கு. கணக்கைத் தடுத்துப் பலன் இல்லைன்னு பார்த்துட்டோம். விதிப்படி ஆளையே நீக்கணும். பேரோட, காரணத்தோட, எல்லாரும் பார்க்கற பக்கத்துல. உனக்கு இந்த ஆளைத் தெரியுமா?"

சென்கா பதில் எழுதி அழித்தாள். எழுதினாள், அழித்தாள். கடைசியில் "தெரியும்" என்று மட்டும் அனுப்பினாள்.

"அப்ப கஷ்டம்தான்," என்று எழுதினாள் ஐனோ. "ஆனா நான் ஒண்ணு சொல்லணும். போன வாரத்துல இருந்து என்னையும் திட்ட ஆரம்பிச்சிருக்கார். நீக்கலைன்னா நான் கிளம்பறேன். கோபம் இல்லை. முடியலை."

ஐனோ போனால் சென்கா தனி. தனியாக அவளால் ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. நிரலைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். பெயரைப் போட்டால் கூமைத் தெருவில் நிறுத்தினவள் என்ற பட்டம். துர்லானில் அந்தப் பட்டம் வாங்கியவர்கள் வீடு மாற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

டயர் கடைக்குப் போனாள். பிளகோயே ஒரு டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை.

"ரத்தோவா?"

"ரத்தோதான்."

"வேற ரத்தோமிரா இருக்கப் போகுது."

"வேற ரத்தோமிரா, அதே கம்பெனியிலயா?"

டயரைத் திருப்பினான். "நம்ம இஸ்க்ராவை ஞானஸ்நானத்துக்குக் கையில தூக்கிட்டுப் போனவர், சென்கா."

"தெரியும். நான்தான் பெத்தேன்."

"அவரை நீக்காம நீக்க முடியாதா?"

"அப்படின்னா?"

"அதான், பேர் போடாம. ஒரு... ஒரு எழுத்து மட்டும் போட்டு."

"ஊர்ல பேருந்துக் கம்பெனி கணினிப் பிரிவுல எத்தனை ர இருக்கு?"

பிளகோயே டயரை இன்னும் கொஞ்சம் திருப்பினான். குமிழி கிடைத்துவிட்டது, சாக்குக்கட்டியால் வட்டம் போட்டான். "வெள்ளிக்கிழமை ஸ்லாவா," என்றான். "அவர் வருவார்."

வருவார்தான். ஸ்லாவா என்பது குடும்பத்துப் புனிதரின் நாள். அன்று யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர்கள் வருவார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழக்கமும் இல்லை. பிளகோயே வீட்டுப் புனிதர் அதிதூதர் மிக்கேல். அந்த வருடம் அது விரத நாளான வெள்ளிக்கிழமையில் வந்ததால் இறைச்சி கிடையாது, மீன். புனிதர் உயிரோடு இருப்பவர் என்பதால், இறந்தவர்களுக்குப் படைக்கிற வேகவைத்த கோதுமையை வைக்கக்கூடாது என்று பிளகோயேயின் தாய்வழி உறவினர்கள்; பாதிரியார் வைக்கச் சொல்கிறாரே என்று லியூபிங்கா. இந்தத் தகராறு ஆண்டுதோறும் நடக்கும், யாரும் ஜெயித்ததில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ரத்தோமிர் வந்தார். ஒரு கையில் ஒயின், மறு கையில் காபிப் பொட்டலம், பின்னால் மனைவி தெசாங்கா. வழக்கப்படி கன்னத்தில் மூன்று முத்தம். "கூமே, நல்ல நாளு." சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்து, "உறுதியா இருக்கு," என்று தானே சொல்லிக்கொண்டார். மேசையில் லியூபிங்கா, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள், பிளகோயேயின் பெரியப்பா மகன். வீட்டுத் தலைவன் அன்று உட்காரக்கூடாது என்பதால் பிளகோயே ராக்கியா என்கிற பழச்சாராயக் குப்பியோடு நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அது வசதியாகவும் இருந்தது.

பேச்சு வழக்கம்போல விலைவாசிக்கும் கால்பந்துக்கும் போய் வந்தது. பிறகு லியூபிங்கா, நாக்கு அரித்துக்கொண்டிருந்தவள், திறந்தாள்.

"அந்தக் கம்ப்யூட்டர் ஆளு என்ன ஆனான் சென்கா? இன்னும் திட்டறானா?"

"திட்டறான் அக்கா."

ரத்தோமிர் தலையை ஆட்டினார். "நானும் எப்பவாவது எட்டிப் பார்க்கறதுண்டு. என்ன ஜென்மங்களோ. ஒரு பொம்பளைகிட்ட அப்படிப் பேசலாமா?" மீன் முள்ளை ஒதுக்கினார். "ஆனா ஒண்ணு சொல்லணும். பேச்சு தப்பு. விஷயத்தைப் பார்த்தா ஆளு சரியாத்தான் சொல்றான்."

"அந்தக் கடைசித் திருத்தமா கூமே?"

"அதெல்லாம் நான் ஆழமாப் பார்க்கலை. மேலோட்டமாப் பார்த்தேன். சுத்தமான வேலை."

"எனக்கும் அப்படித்தான் பட்டது," என்றாள் சென்கா. எழுந்து ஜன்னலோரம் போனாள். லேப்டாப் அங்கே திறந்தே இருந்தது. இரண்டு விசை தட்டினாள்.

ரத்தோமிரின் சட்டைப்பையில் போன் கிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். திருத்தம் ஏற்கப்பட்டது என்று வந்திருந்தது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததே, அதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள், கல்யாணத்தில்கூட அந்த மனிதர் அப்படிச் சிரித்ததில்லை என்று. காது நுனிவரை சிரிப்பு. பிறகு அடுத்த வரியைப் படித்தார். "நன்றி: ரத்தோமிர் ஸ்தோய்கோவிச்." ஏற்கப்படும் எந்தத் திருத்தத்துக்கும் எழுதியவர் பெயர் சொல்லி நன்றி போடுவது அந்த நிரலின் வழக்கம்.

சிரிப்பு போக இடமில்லாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்தது.

"யாருங்க?" என்றாள் தெசாங்கா.

"ஆபீஸ்," என்றார்.

சென்கா மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை, உப்புச்சாடியைக் கேட்பதுபோல்தான் பேசினாள். "திருத்தம் நல்லா இருந்தது கூமே, சேர்த்துட்டேன். நீக்கற அறிவிப்பும் எழுதி வெச்சிருக்கேன். பேரோட. நீங்க அதை அங்க படிச்சுத் தெரிஞ்சுக்க வேண்டாம்னுதான் இன்னும் போடலை."

மேசையில் முட்கரண்டிகள் நின்றன. லியூபிங்கா மூச்சுவிடுவதையும் நிறுத்தினாள், ஒரு வார்த்தை தவறிவிடக்கூடாதே.

"நானில்லைன்னு சொன்னா?" என்றார் ரத்தோமிர்.

"சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

அவர் ஒயின் கோப்பையை நகர்த்தி நகர்த்தி வைத்தார். "மூணு வருஷம் முன்னாடி," என்றார், "நான் என் சொந்தப் பேர்ல ஒரு திருத்தம் அனுப்பினேன். ஞாபகம் இருக்கா? ஒரு முழம் குறிப்பு எழுதித் திருப்பிவிட்ட. சோதனை இல்லை, பேர் சரியில்லை, இதை இரண்டாப் பிரி, அதை ஒண்ணாச் சேரு. என் ஆபீஸ் பசங்க எல்லாரும் படிச்சாங்க. என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பொண்ணு நீ. ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

சென்கா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். எல்லோருக்கும் எழுதுவதுபோல்தான் அவருக்கும் எழுதினாள். அங்கே எல்லாம் வெளிப்படை. அது வெளிப்படை என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை.

"பண்ணியிருக்கலாம்," என்றாள். "நீங்களும் பண்ணியிருக்கலாம். நீங்க என் பால்கனியைப் படமெடுத்தீங்க."

"என் பனியனும் இருந்தது," என்றான் பிளகோயே நின்ற இடத்திலிருந்து. அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அது.

"ஸ்லாவா அன்னிக்கா கூமா?" என்றார் ரத்தோமிர் மெல்ல. "இன்னிக்கா இதைச் செய்யணும்?"

"இன்னிக்கு உங்களை இங்கிருந்து போகச் சொல்ல முடியாது. அதனாலதான் அங்கிருந்து போகச் சொல்றேன். அங்க இனிமே வர முடியாது கூமே. இங்க எப்பவும்போல வாங்க."

எழுந்து போய் இன்னொரு விசையைத் தட்டினாள். போன் மறுபடி கிணுங்கியது. இந்த முறை அவர் எடுத்துப் பார்க்கவில்லை.

"மீன் எடுத்துக்கோங்க," என்றாள் சென்கா. "ஆறிடும்."

அவர் எடுத்துக்கொண்டார். சாப்பிடாமல் எழுந்தால் தெசாங்காவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். தெசாங்காவுக்கு எப்படியும் எல்லாம் புரிந்துவிட்டது. கணவன் தட்டில் இன்னொரு துண்டு வைத்து, "முள்ளு பார்த்து," என்றாள். அதை அவள் சொன்ன குரலில் முள் நிறைய இருந்தது.

பொழுது சாயும்முன் மூன்றாவது நுழைவாயில் முழுக்கத் தெரிந்தது. இரண்டாவது நுழைவாயிலுக்கு லியூபிங்கா நேரில் போனாள்.

கட்டடம் இரண்டாகப் பிரிந்தது. எப்படியும் கூம் கூம்தான், வீட்டுக்குள்ளேயே ரெண்டு அறை விட்டிருக்கலாம், ஊருக்குப் பேர் போட்டுச் சொல்லியிருக்கக்கூடாது என்று ஒரு கட்சி. இந்தக் கட்சியில் தங்கள் கூமோடு காட்டுநிலம் பங்கு பிரித்துக் கோர்ட்டுக்குப் போனவர்களும் இருந்தார்கள். இன்னொரு கட்சி சென்காவைப் பார்த்தால் கதவைத் திறந்து பிடித்தது. தளத்தில் அமைதி. "அசல் இன்ஜினியர்" எந்த எண்ணிலும் வரவில்லை. ஐனோ கிளம்பவில்லை. "கூம்னா என்ன?" என்று ஒருநாள் கேட்டாள். சென்கா நீளமாக ஒரு விளக்கம் எழுதினாள். ஐனோ படித்துவிட்டு, "எங்க ஊர்ல அப்படி யாரும் இல்லை," என்று எழுதினாள். அது அனுதாபமா பொறாமையா என்று தெரியவில்லை.

சென்கா காபியை மறுபடி சாதாரண வேகத்தில் குடிக்கத் தொடங்கினாள். எழுதியதை ஒரு தடவைதான் படித்தாள், சில நாள் அதுவும் இல்லை.

ஆனால் டிசம்பரில் புனித நிக்கொலாஸ் வருகிறார். அது ரத்தோமிர் வீட்டு ஸ்லாவா. அதற்கும் அழைப்பு கிடையாது.

"நான் வரலை," என்றாள் சென்கா.

பிளகோயே கண்ணாடிமுன் டை கட்டிக்கொண்டிருந்தான். வருடத்தில் இரண்டு முறை கட்டுவான், இரண்டு முறையும் கோணலாக. "உன் இஷ்டம். நீ போகலைன்னா நாமதான் முறிச்சோம்னு ஆகும். போனா அவர் முறிக்கணும்."

அவன் இவ்வளவு தெளிவாக எதையும் சொல்லி அவள் கேட்டதில்லை. ஒயினையும் காபிப் பொட்டலத்தையும் பையில் போட்டாள்.

கதவைத் திறந்தவர் ரத்தோமிரே. ஒரு நிமிடம் போல நின்றார். பிறகு மூன்று முத்தம்; மூன்றாவது கன்னத்தில் படாமல் காதோரம் காற்றில் போனது. உள்ளே மேசை நிறைய ஆட்கள், பாதிப்பேர் கணினிப் பிரிவு. அறிவிப்பைப் படிக்காதவர் அதில் ஒருவரும் இல்லை. சென்காவைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"என் கூமா," என்றார் ரத்தோமிர். "தெரியும்ல. நகர்ந்து உட்காருங்க, இடம் விடுங்க."

இடம் விட்டார்கள். நிறையவே விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் சென்கா தட்டு எடுக்கச் சமையலறைக்குப் போனாள். ரத்தோமிர் மீன் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"அந்த அறிவிப்பு இருக்கா இன்னும்?"

"இருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"விதியில நாள் எதுவும் போடலை கூமே. எப்பவும்தான்."

கரண்டி ஒரு சுற்று போய் வந்தது. "இஸ்க்ரா பார்த்தாளா?"

இஸ்க்ரா பெல்கிரேடில் கணினிதான் படிக்கிறாள். அவளுக்கு முதல் கணினி வாங்கிக்கொடுத்தவர் இவர்.

"பார்த்தா."

"என்ன சொன்னா?"

"திருத்தம் நல்லா இருக்குன்னா. மத்ததை உங்ககிட்டயே கேட்டுக்கறேன்னா. லீவுக்கு வர்றா."

ரத்தோமிர் அடுப்பைக் குறைத்தார். குறைக்க வேண்டிய தேவை இல்லை, ஏற்கெனவே சிறுதீயில்தான் இருந்தது. "நீ பை நல்லாத்தான் சுடுவ," என்றார்.

"தெரியும்."

சூப்பை இன்னொரு முறை கிளறினார். "நிரலும்," என்றார் பானைக்குள். "நல்லாத்தான் இருக்கு."

"என்கிட்ட சொல்லி என்ன கூமே," என்றாள் சென்கா. "நீங்க திட்டினதை உள்ள இருக்கற எல்லாரும் படிச்சிருக்காங்க. இதையும் அங்க சொல்லுங்க."

ரத்தோமிர் பானையை இரண்டு துணிகளால் பிடித்துத் தூக்கினார். சென்கா கரண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். மேசைக்கு நடுவில் பானையை வைத்துவிட்டு ரத்தோமிர் நிமிர்ந்தார். வீட்டுத் தலைவன், நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பேருந்துக் கம்பெனிக் கணினிப் பிரிவு முழுக்கப் பார்த்தது. தெசாங்கா ரொட்டி அறுப்பதை நிறுத்தினாள். ரத்தோமிர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். வாயைத் திறந்தார்.

"சூப் சூடா இருக்கு," என்றார். "பார்த்து."

சென்கா தட்டை நீட்டினாள். அவர் நிரப்பினார், விளிம்புவரை.